மணலில் ஏறி நிழலில் இறங்கும் வழி: திருகோணமலையில் குடும்பத்தோடு ஒரு சுற்று நடை

வெள்ளிக்கிழமை, மாலை

கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் பிரெட்ரிக் கோட்டையின் வாயிலால் வாகனத்திலேயே நுழைந்து, கடைகள் தொடங்கும் இடத்தில் இறங்கி, கும்பிட்டுவிட்டு, வந்த வேகத்திலேயே கன்னியாவுக்கோ நிலாவெளிக்கோ புறப்பட்டுவிடுகிறார்கள். வாயிலுக்கும் கோயிலுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்துக்கு மரங்கள் கூடி நிற்பதும், அவற்றின் கீழ் மான்கள் மேய்வதும், இலைகளின் ஊடே கடல் தெரிவதும் வாகனக் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைந்துவிடுகின்றன. பாடசாலை விடுமுறைக்கு வந்திருக்கும் நாங்கள் இம்முறை கடலோரத்தையும் மரநிழலையும் சேர்த்து ஒரு சுற்றாக நடந்து பார்ப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். சிறுபிள்ளைகளோடு வருகிற குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்பதால், நடந்ததை அன்றன்றே எழுதி வைக்கிறேன்.

இங்கே இப்படி ஒரு சுற்று அமைவதற்கு நகரத்தின் கிடப்பே காரணம். கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலத்தின் மேல் திருகோணமலை நகரம் இருக்கிறது. மேற்கே உட்துறைமுகம், கிழக்கே டச்பே, வடக்கே வரைபடங்களில் பேக்பே என்று குறிக்கப்படும் திறந்த குடா. டச்பேக்கும் பேக்பேக்கும் நடுவே வடகிழக்காகக் கடலுக்குள் நீட்டி நிற்கும் மேட்டில்தான் கோட்டையும், அதன் நுனியிலுள்ள சுவாமி மலையில் கோயிலும் இருக்கின்றன. ஆகவே டச்பே மணலில் தொடங்கி, கோட்டைக்குள் ஏறி இறங்கி, மறுபக்கக் கடற்கரைக்குப் போய், நகரத்துக்குள்ளால் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரலாம். கோட்டைக்குள் கோயிலுக்குப் போகவும் வரவும் ஒரே வீதிதான். அந்தத் துண்டை இருமுறை நடக்க வேண்டியிருக்கிறது என்றாலும், அதில் ஒருவருக்கும் குறை வரப்போவதில்லை.

வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக வந்த பஸ் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வழி நெடுகப் பிள்ளைகள் உறங்கினார்கள். தங்கியிருப்பது டைக் வீதிக்கு அருகில், மனைவியின் தமக்கையார் வீட்டில். சகலனார் நாள்தோறும் விடியலில் இந்தக் கரையில் நடப்பவர். எங்கள் திட்டத்தைக் கேட்டதும் அவர் திசையைத்தான் முதலில் திருத்தினார்.

“பேக்பே பக்கத்தால தொடங்காதேங்கோ தம்பி. வெயில் ஏற முந்தி மணலை முடிச்சிடோணும். மரத்துக்குக் கீழ எத்தினை மணிக்கும் நடக்கலாம்.”

மாலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டச்பேயில் கொஞ்சத் தூரம் நடந்து பார்த்தோம். ஆகஸ்டில் கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து வீசுவதால் கிழக்குக் கரையில் கடல் தணிந்து கிடக்கிறது. மார்கழியில் வாடை வீசும்போது வந்து பார்த்தவர்களுக்கு இது அதே கடல்தானா என்ற ஐயமே வரும். கரையின் மேற்பகுதியில் அடம்பன் கொடி ஊதாப் பூக்களோடு படர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. அலை நனைத்த ஓரத்தில் மணல் இறுகியிருப்பதால், ஆறு வயதுக்காரன்கூடச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சிரமமில்லாமல் நடந்தான். ஓரிரு அடி மேலே ஏறினால் கால் புதைகிறது. தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுவருவோர் மணலை விட்டுவிட்டு வீதியோரமாகவே கோட்டை வரைக்கும் போவது நல்லது.

சனிக்கிழமை

கிழக்கு வெளுக்கும்போதே புறப்பட்டோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆகவே அவரும் மனைவியின் தமக்கையாரும் ஓட்டோவில் நேரே கோயிலடிக்கு வருவதாக ஏற்பாடு. நாங்கள் கடலை வலப்பக்கமாக வைத்துக்கொண்டு வடக்கு நோக்கி நடந்தோம். தெற்கே திரும்பிப் பார்த்தால் ஒஸ்டன்பேர்க் முனை அடர்ந்த மரங்களோடு குடாவின் மறு கையாகத் தெரிகிறது. அது கடற்படைத் தளப் பகுதி. அங்கும் நடக்கலாமா என்று மகள் கேட்டாள். நினைத்த நேரத்தில் போய் நடக்கக்கூடிய இடமல்ல அது. முன்னால் சுவாமி மலை. சூரியன் கடலிலிருந்து எழும்பியதும் மலையின் கிழக்குப் பாறைகள் சிவந்தன.

மணல் முடியும் இடத்தில் மைதானப் பக்கமாக ஏறினோம். அங்கேயே மான்கள் வந்துவிட்டன. திருகோணமலையின் புள்ளிமான்கள் கோட்டைக்குள் அடங்கி வாழ்பவை அல்ல. மக்கெய்சர் விளையாட்டரங்கைச் சுற்றியுள்ள வெளிகளிலும், சில வேளைகளில் கடைவீதி வரைக்கும் நடமாடுகின்றன. ஓர் ஆண் மான் நாங்கள் நின்ற இடத்திலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் நின்று வேப்பங்கொழுந்தைக் கடித்துக்கொண்டிருந்தது. அதன் கொம்பு இன்னும் முற்றவில்லை. மேலே மெல்லிய மயிர்த்தோல் போர்த்தியிருந்தது. நுனிகள் கூராகாமல் உருண்டு, சிறிது ஈரப்பசையோடு இருந்தன. ஈ மொய்க்கும்போதெல்லாம் காது முன்னும் பின்னும் அடித்தது. மகன் பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து, “அப்பா, குடுக்கட்டோ?” என்று கேட்டான். சகலனார் தடுத்தார். பத்தடி தள்ளி இன்னொரு மான் உணவுப் பொதி சுற்றி வந்த பொலித்தீன் தாளை மென்றுகொண்டிருந்தது. மனிதர் கையால் தின்னப் பழகியதால்தான் அது குப்பையையும் தேடிப் போகிறது என்று அவர் சொன்னபின் வாழைப்பழம் மகன் வயிற்றுக்கே போயிற்று. மான்களைக் காண வருவோர் கையில் எதையும் நீட்டாமல் இருந்தாலே அவற்றுக்குச் செய்யும் பேருதவி.

கோட்டை வாயிலைப் பலரும் பார்க்காமலே கடந்துபோகிறார்கள். வாகனங்கள் நுழையும் அந்த வளைவின் பக்கத்துக் கல்லில் இரட்டைக் கயல் உருவங்களும், அருகே சிதைந்த தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. குளக்கோட்டன் என்ற அரசன் செய்த கோயில் திருப்பணியைப் பின்னாளில் பறங்கியர் பிரிப்பர் என்று சொல்லும், ‘முன்னே குளக்கோட்டன்’ என்று தொடங்கும், இங்கே பலருக்கும் மனப்பாடமான அந்தப் பாட்டின் எச்சங்களாக அவற்றை வாசிக்கிறார்கள். போர்த்துக்கேயர் 1622 இல் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். பின்னர் 1639 இல் ஒல்லாந்தப் படை அவர்களிடமிருந்து கோட்டையைப் பிடித்தது. 1795 இல் அது பிரித்தானியர் கைக்கு வந்தது. 1803 இல்தான் பிரெட்ரிக் என்ற பெயர் சூட்டப்பட்டது. இத்தனை ஆண்டுகளையும் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் கயலின் செதில்களை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டைக்குள் இன்றும் இராணுவ முகாம் இருக்கிறது. காவலர் மறிக்கும் கிளைவீதிகளுக்குள் நுழையாமலும், முகாம் கட்டடங்களைப் படம் பிடிக்காமலும் பிரதான வீதியிலேயே போனால் இடைஞ்சல் எதுவும் இல்லை.

வாயிலைத் தாண்டியதும் வெப்பம் சட்டென்று குறைந்தது. வேம்பு, புளி, ஆல் என்று பெரிய மரங்கள் வீதியின் இருபக்கமும் கிளை பரப்பி நிற்கின்றன. ஆலின் விழுதுகளில் ஒன்றிரண்டு நிலத்தைத் தொட்டு மரமாகவே தடித்துவிட்டன. மரங்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் சகலனார் சாவண்டலையைப் பற்றிச் சொன்னார். சிங்களத்தில் ஹல்மில்ல என்று வழங்கும் அந்தக் காட்டு மரம், இந்தத் துறைமுகம் வழியாக ஏற்றுமதியாகித் ‘திருகோணமலை மரம்’ என்ற பெயரையே வெளிநாட்டு வணிகத்தில் பெற்றது. சென்னைக் கரையின் மசூலாப் படகுகளையும் அதைக் கொண்டே கட்டினார்கள். கடல் வழி போன மரம் ஊரின் பெயரைத் தாங்கிப் போயிருக்கிறது. ஊருக்குள்ளேயோ அந்த மரத்தைக் காட்டச் சொன்னால் நூறில் ஒருவரும் காட்டமாட்டார்.

வீதி மெதுவாகவே ஏறுகிறது. மூச்சு வாங்கும் ஏற்றம் கடைசித் துண்டில் மட்டும்தான். வாயிலிலிருந்து கோயில் வரைக்கும் விரைந்து நடப்பவருக்குக் கால் மணி நேரம் போதும். எங்களுக்கு அதைப்போல் பல மடங்கு பிடித்தது. பழைய பீரங்கி ஒன்றின் மேல் ஏறுவதற்கு ஒரு நிறுத்தம். குட்டியோடு வந்த பெண்மானுக்கு வழி விட ஒரு நிறுத்தம். பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆதர் வெல்லெஸ்லி தங்கிய வீட்டைப் பார்க்க ஒரு நிறுத்தம். இந்த வீடு பெரியவர்களுக்கே உரிய ஆர்வம். பிள்ளைகள் அதன் முன்னால் ஓடிய அணிலைப் பார்த்தார்கள். கோகன்ன விகாரைக்குப் பிரியும் வழியைத் தாண்டியபின் மரங்கள் விலகி, சரிவின் கீழே கடல் தெரியத் தொடங்குகிறது. குரங்குகளும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. தின்பண்டப் பையைத் தோளில் தொங்கவிடாமல் மார்போடு அணைத்துக்கொள்வது இந்த இடத்தின் நடைமுறை.

கடைகளில் வளையல், விளையாட்டுத் துப்பாக்கி, கச்சான், சர்பத். இவற்றைத் திரும்பி வரும்போது பார்க்கலாம் என்ற வாக்குறுதியோடு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேலே போனோம். செருப்பைக் கழற்றியபின் கருங்கல் தரையில் நடக்க வேண்டும். காலை வேளையில் அது குளிர்ந்திருக்கிறது, பத்து மணிக்குப் பிறகு பிள்ளைகளின் உள்ளங்கால் தாங்காது. காலையில் வரச் சொல்வதற்கு இது ஒன்றே போதிய காரணம். முழங்கால் மறையும் உடை அணிந்து வந்தால் வாசலில் வேறு பேச்சுக்கு இடமில்லை.

அம்மா எங்களுக்கு முன்பே வந்து, அம்பாள் மாதுமையாள் சந்நிதியில் அமர்ந்திருந்தார். 1950 இல் நகரத்தில் கிணறு வெட்டும்போது நிலத்துக்கடியிலிருந்து வெளிப்பட்ட செப்புத் திருமேனிகளைப் பற்றியும், 1963 இல் நடந்த குடமுழுக்கைப் பற்றியும் பேத்திக்குச் சொல்லிவிட்டு, சம்பந்தர் பதிகத்தின் முதற்பாட்டை மெல்லிய குரலில் பாடினார். ‘குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே’ என்ற அடியைப் பாடசாலையில் எத்தனையோ தடவை ஒப்புவித்திருக்கிறேன். குரைகடல் என்பதன் பொருள் கீழே பாறையில் அலை மோதி எழும் ஓசையைக் கேட்டபோதுதான் காதுக்கு எட்டியது.

இராவணன் வெட்டு எனப்படும் பாறைப் பிளவில் தடுப்புக் கம்பிக்கு இப்பால் நின்று பார்த்தோம். பாறை செங்குத்தாகப் பிளந்து இறங்க, அடியில் நீர் கரும்பச்சையாகவும், அலை பின்வாங்கும் கணத்தில் வெண்மையாகவும் மாறுகிறது. ஆறு வயதுக்காரனின் கையை இங்கே ஒரு நொடியும் விடலாகாது. ஓரத்து மரத்தில் குழந்தை வரம் வேண்டியவர்கள் கட்டிய சிறு மரத்தொட்டில்கள் காற்றில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இந்த மலையடிவாரக் கடலில் மூழ்கியபோது, இடிக்கப்பட்ட கோயிலின் தூண்களும் கற்களும் அடியில் கிடக்கக் கண்டார்கள் என்று சொன்னதும், மகள் கம்பியைப் பிடித்தபடி நெடுநேரம் நீரையே உற்றுப் பார்த்தாள். இந்தக் கரையை அண்டியே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழமாக இறங்குவதால் நீலத் திமிங்கிலங்களும் இங்கே வருகின்றன. சுவாமி மலையில் நின்றே ஆய்வாளர்கள் அவற்றைக் கண்காணித்திருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்தது ஒரு மீன்பிடிப் படகு.

இறங்கும்போது கடைகளுக்கான வாக்குறுதி நிறைவேற்றப்பட்டது. மரநிழலில் சர்பத் குடித்தபடி திரும்பினோம். வாயிலுக்கு வெளியே வந்து வலப்புறம் திரும்பினால் பேக்பே மணல். வெயில் சுள்ளென்று ஏறிவிட்டதால் அங்கே அதிக நேரம் நிற்காமல், நகரத்துக்குள்ளால் பத்திரகாளி அம்மன் கோயில் முன்றிலைக் கடந்து வீட்டுக்கு வந்தோம். கோயில் கோபுரத்தின் சிற்பங்களை நின்று பார்க்க மாலை நேரமே உகந்தது.

ஞாயிற்றுக்கிழமை

நேற்றுச் சரியாகப் பார்க்காமல் விட்ட பேக்பே கரைக்கு மட்டும் விடியலில் போனோம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். படகு கடலில் பெரிய வளைவாக வலையை விட்டுவர, அதன் இரு தலைக் கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டத்தார் பிடித்து, இழுக்க இழுக்க ஒருவரை ஒருவர் நெருங்கி வருகிறார்கள். இருபுறமும் நெருங்கும் வேகம் ஒத்திராவிட்டால் வலை ஒரு பக்கம் சாய்ந்து மீன் வெளியேறிவிடும் என்பதால், நடுவில் ஒருவர் இரு பக்கத்தையும் பார்த்துச் சத்தமிட்டுக்கொண்டே இருந்தார். கயிற்றைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்ட மகனை, “வாங்கோ தம்பி, கடைசியில நில்லுங்கோ” என்று ஒரு பெரியவர் வால்பகுதியில் சேர்த்துக்கொண்டார். அவன் இழுத்தானா, கயிறு அவனை இழுத்ததா என்பது வேறு விடயம்.

வலையின் மடி கரையேறியபோது பெரும்பாலும் சூடையும் காரலும்தான். இடையில் ஓர் உயிருள்ள கணவாய் இருந்தது. அதை ஒருவர் மணலில் எடுத்து வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினார். அதன் தோலில் ஊசிமுனையளவு செம்புள்ளிகள் திடீரென விரிந்து உடம்பு முழுவதும் பழுப்பாகி, மறுகணம் அவை சுருங்கிப் பால்நிறமாயின. நிழல் விழும்போதெல்லாம் மறுபடியும் விரிந்தன. தோலுக்கடியிலுள்ள நிறப்பைகளைத் தசைகள் இழுப்பதும் தளர்த்துவதுமே இதற்குக் காரணம் என்று மகளுக்குச் சொன்னேன். அவள் கேட்டதெல்லாம் அதைத் திரும்பக் கடலில் விடுவார்களா என்பதுதான். விடவில்லை, மத்தியானம் அதே வகைக் கணவாயைக் கறியாக உண்டபோது அவள் சோறும் சொதியும் போதும் என்று சொல்லிவிட்டாள்.

மாலையில் உட்துறைமுக வீதி. சூரியன் மறைவதைப் பார்க்க நகரத்தின் இந்தப் பக்கத்துக்குத்தான் வர வேண்டும். அலையே இல்லாத ஆழமான நீர். எதிர்க்கரையில் சீனக்குடாப் பக்கத்து மா ஆலையின் உயரமான கட்டடங்கள். அவற்றுக்குப் பின்னால் குன்றுகள். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கியதும், சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்று எரிந்துபோனதும் சகலனாருக்குத் தந்தை வழியாக வந்த கதைகள். நடைக்கு இந்தக் கரை வசதியானதுதான். சமதளம், காற்று, உட்கார இடம். ஆனால் கோட்டை நடையோடு ஒரே நாளில் இதையும் சேர்த்துப் பெரிய சுற்றாக்குவது பிள்ளைகளுக்கு உகந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டுக்கும் இடையே இருப்பது போக்குவரத்து நிறைந்த கடைவீதி; அங்கே நடப்பதில் களைப்பைத் தவிர மிஞ்சுவது ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை

புறப்படும் நாளாகையால் இன்று ஒன்றும் வேண்டாம் என்றிருந்தோம். அம்மாதான் விடியற் பூசைக்குப் போக வேண்டும் என்றார். ஓட்டோவில் எல்லோரும் கோயிலடிக்கு ஏறினோம். பூசை முடிந்து வெளியே வந்ததும், “இறங்கிறதுக்கு எனக்கு ஓட்டோ வேண்டாம் மோனே, நீங்க சொன்ன மரத்தையெல்லாம் நானும் பாக்கோணும்” என்றார்.

முழங்கால் வலிக்காரருக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கடினம் என்பார்கள். ஆகவே சரிவான முதல் துண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, வீதியில் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து நடந்தார். சமதளம் வந்தபின் கையை விட்டுவிட்டார். ஒவ்வொரு பெரிய மரத்தடியிலும் கல்லோ கட்டோ ஏதாவது ஓர் இருக்கை கிடைத்தது. அம்மா அமர்ந்த நேரமெல்லாம் பிள்ளைகளுக்கு விளையாட்டு நேரமாயிற்று. கோயிலுக்கு விரைந்த வாகனங்கள் நாங்கள் அமர்ந்திருந்த ஆலமரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் மான்குட்டியைக் கண்டு நின்றது. அதிலிருந்து இறங்கிய குடும்பத்தார் மீதி வழியை நடந்தே போகலாமா என்று எங்களிடம் கேட்டார்கள். போகலாம், பழத்தை மட்டும் உள்ளே வைத்துவிடுங்கள் என்று மகன் முந்திக்கொண்டு பதில் சொன்னான்.

வாயிலை அடைந்தபோது ஒன்பதரை மணி. வீடு வரைக்கும் நடக்கலாம் என்றே அம்மா சொன்னார். மைதானத்தை ஒட்டிய வீதியில் அந்த நேரத்தில் நிழலே கிடையாது என்பதாலும், மத்தியான பஸ்ஸுக்கு இன்னும் பை கட்டவில்லை என்பதாலும் அங்கே நின்ற ஓட்டோ ஒன்றைப் பிடித்தோம். கோட்டை வாயிலில் நிற்கும் ஓட்டோக்களில் ஏறுமுன் கூலியைப் பேசி முடித்துக்கொள்வது நல்லது.